பத்மா பாலம்: கடன் தீர்ந்த பிறகும் சுங்கம் வாங்கலாமா?

நூல்கண்டு எழுதியது:

கோவையில் நூல் ஏற்றுமதி செய்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வங்கதேசத்தில் இருக்கிறார்கள். யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியாவது பத்மா பாலத்துக்கு வந்துவிடும். உலக வங்கி கையை விரித்தது, நாங்களே கட்டிக்கொண்டோம் என்பார்கள். 6.15 கிலோமீட்டர், மேலே நான்கு வழிச் சாலை, கீழே ரயில். பெருமைப்பட வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை.

எனக்கு இடிப்பது கணக்கு. அந்த நாட்டில் இதற்கென்றே பாலங்கள் ஆணையம் என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. அது தன் நாட்டு நிதி அமைச்சகத்திடமே 29,893 கோடி டாக்காவை (அந்த நாட்டு நாணயம்) கடனாக வாங்கிப் பாலத்தைக் கட்டியிருக்கிறது. 1 சதவீத வட்டி, 35 ஆண்டு, 140 தவணை. நிதி அமைச்சகத்தின் பணம் என்பது மக்கள் கொடுத்த வரி. வரியில் ஒரு முறை கொடுத்தவன், சாவடியில் மறுபடியும் கொடுக்கிறான். இது எந்த ஊர் நியாயம்? இதே ஆணையத்தின் யமுனை பாலம் (தில்லி யமுனை அல்ல, வங்கதேசத்து ஆறு) 1998இல் திறந்தது. கட்டிய செலவைவிட அதிகமாக எப்போதோ வசூலித்துவிட்டார்கள். இன்றும் சாவடி நிற்கிறது. பரனூர் சுங்கச்சாவடியில் நாம் போடாத சண்டையா? அதனால்தான் கேட்கிறேன், செலவு வந்துவிட்டால் சாவடியை எடுக்க வேண்டாமா?

---

கரைமேல் எழுதியது:

பொதுப்பணித் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

"கட்டிய செலவு" என்று ஒரு தொகையைச் சொல்லி அது வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். அணைக்கட்டுக்கோ கட்டடத்துக்கோ அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். பத்மாவுக்குப் பொருந்தாது. கங்கையும் பிரம்மபுத்திராவின் பெரும் பங்கைச் சுமந்து வரும் யமுனையும் கோவாலந்தோ பக்கம் சேர்ந்து பத்மாவாகி, பாலம் இருக்கும் மாவா வழியாக இறங்குகின்றன. மழைக்காலத்தில் அந்த நீர் அடிமணலை அள்ளிக்கொண்டு போகும். பாலத்தை வடிவமைத்தவர்கள் தூணைச் சுற்றி 60 மீட்டருக்கு மேல் மணல் அரித்துப்போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். இருபது மாடிக் கட்டடத்தை அந்தக் குழியில் இறக்கினால் மொட்டைமாடிகூட வெளியே தெரியாது. அதற்குப் பிறகும் தூண் நிற்க வேண்டும். ஆகவே 3 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்களைச் சாய்வாக, ஏறக்குறைய 120 மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கினார்கள். அதற்கான சம்மட்டி ஜெர்மனியில் இருந்து வந்தது. பாதி வேலையில் 22 தூண்களின் அடியில் எதிர்பாராத களிமண் அடுக்கு தட்டுப்பட்டது. அந்த இடங்களில் தூணுக்கு ஆறு குழாய் என்றிருந்ததை ஏழாக்கி, வடிவமைப்பையே மாற்றினார்கள். தாமதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி நீங்கள் கேட்ட கணக்குக்கு வருகிறேன். பாலத்துக்கான ஒப்பந்தம் 12,133 கோடி டாக்கா. ஆற்றின் கரையைக் கட்டும் வேலைக்குத் தனி ஒப்பந்தம், ஏறக்குறைய 8,700 கோடி. அதாவது பாலத்தின் ஒப்பந்தத் தொகையில் எழுபது சதவீதத்துக்குச் சமமான பணம், ஆறு பாலத்தைவிட்டு வேறு பக்கம் போய்விடாமல் தடுக்க ஆகியிருக்கிறது. யமுனையிலும் இதே கதைதான். பல கிலோமீட்டர் அகலத்துக்குக் கிளை கிளையாக அலைந்த ஆற்றை, இரண்டு பக்கமும் வழிகாட்டும் கரைகள் போட்டு, 4.8 கிலோமீட்டர் பாலத்துக்குக் கீழே வரவழைத்தார்கள். அந்தக் கரைகளில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கல் சரியும், அடி பறியும். அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய ஆளும் படகும் பணமும் வேண்டும், கடன் தீர்ந்த பிறகும்.

---

ஏட்டிக்குப்போட்டி எழுதியது:

ஆற்றைக் கட்டினால் கரையோர ஊர்கள் எல்லாவற்றுக்கும்தானே நன்மை? அதற்குக் கார்காரன் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? பராமரிப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் உலகத்தில் எந்தச் சாவடியையும் எடுக்க வேண்டியதில்லை, ஐயா.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நூல்கண்டு அவர்களின் "இரண்டு முறை" என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

29,893 கோடியை 35ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 854 கோடி, அசல் மட்டும். முதல் ஆண்டில் பத்மா சாவடிகளில் வசூலானது ஏறக்குறைய 800 கோடி. அதிலேதான் வரியும் வசூல் செய்யும் நிறுவனத்தின் கட்டணமும் பராமரிப்பும் போக வேண்டும். தொடக்கத் தவணைகளைச் சிறிதாக வைத்திருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. 2023 ஏப்ரலில் முதல் இரண்டு தவணைகளையும் சேர்த்து 316 கோடி சொச்சம் கட்டினார்கள். ஈத் நேரத்தில் ஒரே நாளில் 5 கோடியைத் தாண்டியது என்று செய்தி வரும்போது கொழுத்த லாபம் போலத் தெரியும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அப்படி இல்லை.

அடுத்தது வட்டி. வங்கதேசத்தில் விலைவாசி ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு மேல் ஏறிய ஆண்டுகளிலும் இந்தக் கடனுக்கு 1 சதவீதம்தான். தகப்பன் மகனுக்குக் கொடுத்த கைமாற்று மாதிரி. திரும்பி வரும் பணத்தின் மதிப்பு கொடுத்த பணத்தின் மதிப்பில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே பாலத்தில் போகிறவன் இரண்டு முறை கொடுக்கிறான் என்பது சரியல்ல. பாலத்தின் பக்கமே வராதவனின் வரியில் இருந்து அவனுக்கு ஒரு பங்கு மானியம் போகிறது. வடக்கே ரங்பூரில் உருளைக்கிழங்கு போடும் விவசாயி தலைநகர் டாக்காவுக்குப் போக யமுனையைத்தான் தாண்டுவார். பத்மாவுக்கு அவர் வரியாகக் கொடுக்கிறார், யமுனைக்குச் சாவடியில் கொடுக்கிறார். கோபப்பட வேண்டியவர் அவர்தான்.

---

நூல்கண்டு எழுதியது:

அப்படியென்றால் சுங்கத்தை இன்னும் ஏற்ற வேண்டும் என்கிறீர்களா? நன்றாக இருக்கிறது!

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏற்றச் சொல்லவில்லை. எந்தப் பணம் எங்கே போகிறது என்று பாலம் பாலமாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறேன். சட்டோகிராமில் கர்ணபுலி ஆற்றுக்கு அடியில் இதே ஆணையம் சீனக் கடனில் ஒரு சுரங்கப்பாதை போட்டது. 2023 அக்டோபர் கடைசியில் திறந்தார்கள். இவ்வளவு வண்டி வரும் என்று போட்ட மதிப்பீட்டின் பக்கத்தில்கூட வண்டிகள் வரவில்லை. அன்றாட வசூல் அன்றாடச் செலவுக்கே காணாது. காற்றோட்டம், விளக்கு, நீர் இறைப்பு எல்லாம் வண்டி வந்தாலும் வராவிட்டாலும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டும். அந்தப் பள்ளத்தை எந்தப் பணம் நிரப்பும்? ஆணையத்துக்கு நன்றாகச் சம்பாதித்துக் கொடுப்பவை யமுனையும் பத்மாவும்தான். யமுனையில் சாவடியை எடுக்க மாட்டார்கள் என்பதற்கு நான் காணும் காரணம் இது. கரைக் கல் எல்லாம் அதற்குப் பிறகு.

---

புத்தளத்தான் எழுதியது:

வணக்கம். நான் இலங்கை. டாக்காவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் நாட்டவரும் திருப்பூர்க்காரரும் இங்கே இந்தத் துறையில் கணிசமாக இருக்கிறோம். கணக்கெல்லாம் நீங்கள் பேசுங்கள், நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பாலத்துக்கு முன்பு மாவாப் பக்கத்துச் சிமுலியாத் துறையில் ஃபெரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பனிமூட்டம் என்றால் நிறுத்திவிடுவார்கள், நீரோட்டம் கூடினாலும் நிறுத்திவிடுவார்கள். ஈத் நாட்களில் சனம் ஃபெரியின் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும். கார் ஃபெரிக்கு 500 டாக்கா இருந்தது, பாலத்தில் 750. மோட்டார் சைக்கிள் 70 இருந்தது, பாலத்தில் 100. ஃபெரிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்தார்கள். கொடுத்த காசுக்கு அரை நாள் மிஞ்சுகிறது என்று லாரிக்காரர்களே சொல்கிறார்கள்.

பழைய ஃபெரிப் பயணத்தை நினைத்து உருகுகிறவர்களுக்கு இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். 2014 ஆகஸ்ட் 4, மாவாவுக்கு அருகில் பினாக்-6 என்ற லாஞ்ச் அளவுக்கு மீறிய ஆட்களோடு கவிழ்ந்தது. 2021 மே 3, காத்தால்பாரியில் விரைவுப் படகு ஒன்று மணல் ஏற்றிய கலத்தில் மோதி 26 பேர் இறந்தார்கள். இந்தப் பாலம் வேண்டும் என்று தெற்கு மாவட்டத்துச் சனம் ஏன் அப்படித் தவித்தது என்பது இதில் இருக்கிறது.

ஆனால் பாலத்தில் எல்லோருக்கும் இடம் இல்லை. நடந்து போக முடியாது. சைக்கிள், ரிக்சா, இங்கே சிஎன்ஜி என்று சொல்லும் ஆட்டோ எதற்கும் அனுமதி இல்லை. 2022 ஜூன் 26 காலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஈசல் போல் மொய்த்தன. அன்றே விபத்தில் இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். மறுநாள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. 2023 ஏப்ரலில் ஈதுக்கு முன்புதான் திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் லாரியில் வண்டியை ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு பாலத்தைத் தாண்டிய கதைகள் இங்கே நிறைய உண்டு.

---

ஏட்டிக்குப்போட்டி எழுதியது:

திறந்த கையோடு ஒருவன் பாலத்தின் நட்டைக் கையால் கழற்றி வீடியோ போட்டானே, அது இந்தப் பாலம்தானே?

---

புத்தளத்தான் எழுதியது:

இதுதான். கைப்பிடிச் சுவரின் மேலுள்ள கம்பியின் நட்டு அது. ஆளைக் கைது செய்தார்கள்.

---

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோரும் ஆணையத்துக்கு வக்கீல் போலப் பேசுகிறீர்கள். 2007இல் 10,161 கோடி என்று மதிப்பிட்ட பாலம் 30,000 கோடியைத் தாண்டி முடிந்தது. மூன்று மடங்கு. உலக வங்கி 120 கோடி டாலர் கடனை 2012 ஜூனில் ஊழல் சதி என்று சொல்லித்தானே ரத்து செய்தது? அந்த மூன்று மடங்கையும் சாவடியில் நின்று கட்டுகிறவன் யார்?

---

கரைமேல் எழுதியது:

மூன்று மடங்கு என்பது உண்மை. அதற்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முதல் மதிப்பீட்டில் ரயில் கிடையாது. ரயில் சேர்ந்தவுடன் எஃகுச் சட்டப் பாலமாக இரண்டு தளத்துக்கு மாறியது. நிலம் எடுக்கும் தொகை ஏறியது, கரைக்கட்டின் நீளம் கூடியது, டாக்காவின் மதிப்பு டாலருக்கு எதிராக இறங்கியது. இவை போக மீதி ஏற்றத்துக்கும் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஊழல் சதிப் புகாரில் சிக்கிய கனடா நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர், தொழிலதிபர் ஒருவர் மீதான வழக்கில் 2017 பிப்ரவரியில் ஒண்டாரியோ நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. ஒட்டுக்கேட்டுத் திரட்டிய ஆதாரத்தை வதந்தி, ஊர்ப்பேச்சு என்று நீதிபதி ஒதுக்கினார். அதற்கு முன்பே 2013இல் அந்த நிறுவனத்தை உலக வங்கி பத்தாண்டுக்கு விலக்கி வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக்கதை.

---

கிழக்குவாசல் எழுதியது:

ஆதாரம் செல்லாது என்பதும் குற்றமே நடக்கவில்லை என்பதும் ஒன்றா?

---

நெறியாளர்:

ஒன்றல்ல. ஆனால் இந்த இழை சுங்கத்தைப் பற்றியது. ஊழல் வழக்குக்குத் தனி இழை தொடங்குங்கள். கட்சி அரசியலோடு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

யமுனாகரை எழுதியது:

தில்லியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் யமுனையிலும் ஒரு சுங்கப் பாலம் இருந்தது, நொய்டாவுக்குப் போகும் டிஎன்டி. அது தனியார் ஒப்பந்தம். ஆண்டுக்கு 20 சதவீத ஆதாயம் உறுதி, அது வராத ஆண்டில் குறைந்த தொகையைக் கட்டுமானச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்திருந்தார்கள். விளைவு என்ன? வண்டிகள் போகப் போக, "இன்னும் வசூலாக வேண்டிய தொகை" வளர்ந்துகொண்டே போனது. கணக்குப்படி அந்தச் செலவு எந்தக் காலத்திலும் தீராது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அரசு ஆணையம் என்றால் அந்த அக்கிரமம் இருக்காது என்று நம்பத் தோன்றும். ஆனால் கணக்குப்பிள்ளை சொன்ன சுரங்கப்பாதை விஷயத்தைப் பாருங்கள். ஒரு பாலத்தின் கடன் தீர்ந்தால் அடுத்த திட்டத்தின் கடன் அதன் தலையில் ஏறும். ஒப்பந்தத்தில் எழுதாமலே அதே முடிவு.

---

கரைமேல் எழுதியது:

இதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆணையத்தின் பிறப்பே அப்படி. 1985இல் யமுனை பாலத்துக்கென்று ஓர் அமைப்பாகத் தொடங்கினார்கள். அப்போது பாலத்துக்காக மக்களிடம் தனி வரியே விதித்து வாங்கினார்கள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் மூவரும் ஆளுக்கு 20 கோடி டாலர் கொடுத்தார்கள். பாலம் முடிந்ததும் அமைப்பைக் கலைத்திருக்கலாம். பெயரை மாற்றி, 1,500 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள பாலங்கள், சுரங்கங்கள், மேம்பாலச் சாலைகள் எல்லாம் இதன் பொறுப்பு என்றார்கள். அதற்குக் குறைந்தவை நெடுஞ்சாலைத் துறைக்கு. முன்ஷிகஞ்சுக்குப் போகும் முக்தார்பூர் பாலம் 1,521 மீட்டர். இருபத்திரண்டு மீட்டர் குறைந்திருந்தால் வேறு துறைக்குப் போயிருக்கும். ஒன்றும் சொல்வதற்கில்லை!

ஆனாலும் யமுனை பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதையை வடிவமைப்பின் பிற்பகுதியில்தான் சேர்த்தார்கள். பத்தாண்டு ஆவதற்குள் தளத்தில் விரிசல் தெரிந்தது. ரயிலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரவிட்டார்கள். எத்தனை ஆண்டு! பிறகு ஜப்பான் கடனில் பக்கத்திலேயே தனி ரயில் பாலம் கட்டி 2025 மார்ச் 18இல் திறந்தார்கள். பழைய பாலத்தின் தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சாலையை அகலப்படுத்த வேண்டும். 1998இல் முடிந்துவிட்டதாக நினைத்த செலவு இப்படித்தான் திரும்பி வருகிறது. கடன் தீர்ந்த அன்று கட்டணத்தைப் பாதிக்குக் கீழே இறக்கலாம், இறக்கவும் வேண்டும். சுழியமாக்கினால் முப்பது ஆண்டு கழித்து வருகிறவன் மாட்டிக்கொள்வான். வசூலாகும் பணத்தை அந்தப் பாலத்துக்கும் அந்தக் கரைக்கும் மட்டும் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டிப்போட வேண்டும். அடுத்த மாவட்டத்துச் சுரங்கத்துக்கு அதில் ஒரு பைசா போகக் கூடாது.

---

ஏட்டிக்குப்போட்டி எழுதியது:

சட்டத்தில் கட்டிப்போட்ட நிதியை எந்த அரசு தொடாமல் விட்டிருக்கிறது? போகட்டும், பாலத்துக்குத் தலை கேட்கிறது என்று அங்கே ஒரு புரளி கிளம்பியதாமே?

---

புத்தளத்தான் எழுதியது:

விளையாட்டாகக் கேட்கிறீர்கள். 2019 ஜூலையில் பத்மா பாலத்துக்கு மனிதத் தலை பலி கொடுக்க வேண்டும், அதற்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று முகநூலில் பரவியது. நம் ஊர்களிலும் பாலத்துக்குப் பலி என்று கதை சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள், தெரியும்தானே. இங்கே பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு எட்டுப் பேரை அடித்தே கொன்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் போன ஒரு தாயும் அதில் ஒருவர். திட்ட அலுவலகமே அது பொய் என்று அறிக்கை விட வேண்டி வந்தது.

---

ஏட்டிக்குப்போட்டி எழுதியது:

தெரியாது. கொடுமை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கரைமேல் ஐயாவின் யோசனையில் ஓர் ஓட்டை. பாலம் பாலமாக நிதியைப் பிரித்தால், வண்டி குறைவாகப் போகும் பாலம் பராமரிப்பே இல்லாமல் கிடக்கும். முக்தார்பூருக்கு யார் கொடுப்பார்கள்? பாலங்களுக்குள் பகிரலாம், ஆனால் புதுத் திட்டத்தின் அசல் கடனுக்குப் பழைய பாலத்தின் பணத்தைத் தொடக் கூடாது என்று கோடு போடலாம். அதோடு ஆண்டுக்கு ஒரு முறை சாவடியிலேயே பலகை வைக்க வேண்டும்: இவ்வளவு கடன், இவ்வளவு கட்டியாயிற்று, கரைக்கு இவ்வளவு. ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்தால் இன்னும் நல்லது.

---

நூல்கண்டு எழுதியது:

பலகை வைக்கட்டும், முதல் ஆளாக நின்று படிக்கிறேன். கரைக்கட்டுக்குப் பணம் வேண்டும் என்பது புரிகிறது. முழுக் கட்டணம் ஏன் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. யமுனையில் லாரிக்குக் கட்டும் ஒவ்வொரு டாக்காவும் அரிசி மூட்டையின் விலையில் ஏறுகிறது. அதைக் கொடுப்பது லாரி முதலாளி அல்ல.

இதில் எனக்கு லாபம் நட்டம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் தரைவழித் துறைமுகங்கள் வழியாக நூல் இறக்குமதியை வங்கதேசம் நிறுத்திவிட்டது. பேனாபோல் வழியாகப் பத்மாவைத் தாண்டிப் போன சரக்கு இப்போது கப்பலில் சட்டோகிராமுக்குப் போகிறது. பாலம் கட்டியும் பாதை போயிற்று!

புத்தளத்தாரே, அடுத்த மாதம் வாடிக்கையாளரைப் பார்க்க டாக்காவில் இருந்து குல்னா போக வேண்டியிருக்கிறது. ரயிலா, பஸ்ஸா?

---

புத்தளத்தான் எழுதியது:

நேரம் முக்கியம் என்றால் ரயில். 2024 டிசம்பரில் இருந்து பத்மா வழியாக நேர்ப்பாதையிலேயே குல்னாவுக்கு விடுகிறார்கள், நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆனால் ரயில் கீழ்த்தளத்தில் போகும், எஃகுச் சட்டங்களுக்கு இடையில்தான் ஆறு தெரியும். பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் போகும்போது ரயில், வரும்போது காரில் வாருங்கள், மாவாவில் இறங்கலாம். அங்கே கடைகளில் இலிசா மீனை நீங்களே தெரிவு செய்து கொடுத்தால் கடுகெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். வாலை மட்டும் தனியாக எடுத்து முள் நீக்கி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிசைந்து தரச் சொல்லுங்கள். விலையை மீன் பொரிப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.